எந்த வருசத்துக் கொடிகாமம்?

என்ர மாமா கனடாவில், தன்ர வீட்டு பேஸ்மென்ருக்குள், கொடிகாமம் றெயில்வே ஸ்டேசனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். எட்டடி நீளப் பிளைவூட் பலகை. அதுக்கு மேல் தண்டவாளம், பிளாட்போம், ஸ்டேசன் கட்டடம், தென்னை, பனை, பருத்தித்துறை றோட்டுக்குத் திரும்புகிற ஒரு தட்டிவான். சுவிச்சைப் போட்டால் யாழ்தேவி வரும். பிளாட்போமில் ஒரு நிமிசம் நிற்கும். பிறகு மீசாலைப் பக்கமாகப் போய் வோஷிங் மெசினுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

மூன்று வருசமாக இதன்ர படங்கள் எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்புக்கு வருகின்றன. ஆச்சி உட்பட எல்லாரும் இதயம் போடுவினம். நானும் போட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு வீடியோ வந்தது. பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டேன்: "மாமா, இது எந்த வருசம்?"

அதில் தொடங்கின சண்டை இன்னும் முடியவில்லை. கம்பஸ் போய்க் கெட்டுப்போன பிள்ளைகளின் பட்டியலில் என்ர பெயரும் ஏறிவிட்டது. கலைப்பீடம் எண்டபடியால் அந்தப் பட்டியலில் எனக்கு முன்வரிசை இடம்.

ஆனால் கேள்வி நான் கண்டுபிடித்தது இல்லை. மொடல் றெயில் செய்கிற ஆரைக் கேட்டாலும் முதல் தீர்மானிக்க வேண்டியது இரண்டு விசயம் எண்டுதான் சொல்லுவினம். எந்த இடம், எந்தக் காலம். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். எந்த இஞ்சின் ஓடலாம், சிக்னல் கைகாட்டியா லைற்றா, சுவரில் என்ன போஸ்டர், பிளாட்போமில் நிற்கிற பொம்பிளை தாவணியா சுடிதாரா. ஐரோப்பாவில் இதற்கு ஒரு ஒழுங்கே வைத்திருக்கிறார்கள். றெயில்வே வரலாற்றை ஆறு யுகங்களாகப் பிரித்து நம்பர் போட்டு, கடையில் வாங்குகிற பெட்டியிலேயே இது எத்தனையாம் யுகத்து இஞ்சின் என்று அடித்திருப்பார்கள். மூன்றாம் யுகத்து ஸ்டேசனுக்குள் ஐந்தாம் யுகத்து இஞ்சினைக் கொண்டுவந்து விட்டால் பார்க்கிறவன் சிரிப்பான்.

மாமா சொன்ன பதில்: "எழுபதுகள், பிள்ளை."

எழுபதுகள் பத்து வருசம். நான் வீடியோவை நிற்பாட்டி நிற்பாட்டிப் பார்த்தேன். இஞ்சினில் பிழை சொல்ல முடியாது. எம்-2 டீசல். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 தொடக்கம் கனடா எங்களுக்குத் தந்தது. பல இஞ்சின்களுக்குக் கனடா மாகாணங்களின்ர பேர் வைத்திருந்தார்கள். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று எழுதின இஞ்சின்கள் ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து ஓடின. எங்கட சனம் அந்த மாகாணங்களுக்கு ஓடமுதல் அந்த மாகாணங்கள் எங்கட ஊருக்குள் ஓடியிருக்கின்றன. மாமா இருக்கிறது ஒன்ராறியோவில். இஞ்சினிலும் ஒன்ராறியோ எண்டு எழுதியிருக்கிறார். இந்த ஒரு பகிடிக்காகவே அவரை மன்னிக்கலாம்.

மற்றதை மன்னிக்கேலாது. ஸ்டேசன் கட்டடம் இப்போது கொடிகாமத்தில் இருக்கிற கட்டடம். ஓமந்தைக்கு வடக்கே எல்லா ஸ்டேசனும் போருக்குப் பிறகு புதிதாகக் கட்டினது. இந்தியக் கடனில், இந்தியாவின் இர்கோன் கொம்பனி செய்த வேலை. கொடிகாமத்துக்கு றெயில் திரும்பி வந்தது 2014 ஒக்ரோபர் 13. அந்தக் கட்டடத்துக்கு முன்னால் எழுபதாம் ஆண்டு இஞ்சின் வந்து நிற்கிறது. சிக்னல் புது லைற் சிக்னல். ஆகக் கொடுமை, தண்டவாளத்துக்குக் கீழே கட்டைகள் எல்லாம் சாம்பல் நிறம். கொங்கிறீற் சிலிப்பர். மாமா கூகிளில் படம் தேடியிருக்கிறார். கூகிளிடம் இருக்கிறது புதுக் கொடிகாமம். மனதில் இருக்கிறது பழைய கொடிகாமம். இரண்டையும் ஒட்டினபோது நடுவில் இருந்த இருபத்துநாலு வருசம் பசைக்குள் போய்விட்டது.

அந்த இருபத்துநாலு வருசத்துக்குள்தான் நான் பிறந்தேன். அம்மா பெரியபிள்ளையானது, படித்தது, இரண்டு தரம் இடம்பெயர்ந்தது, கலியாணம் கட்டினது எல்லாம் அதுக்குள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கடைசி றெயில் போனது 1990 ஜூனில். அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. திரும்பி வந்தபோது முப்பத்தாறு.

இது மாமாவின்ர பேஸ்மென்ற் பிரச்சினை மட்டும் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். யாழ்ப்பாணத்தில் புதிதாகத் திறக்கிற கபே ஒன்றுக்குள் போய்ப் பாருங்கோ. சுவரில் யாழ்தேவி இருக்கும். கலியாண வீட்டில் படம் எடுக்கிற செற்றும் சிலநேரம் பழைய பிளாட்போம்தான், மரப்பெட்டியும் அரிக்கன் லாம்பும் வைத்து. பேஸ்புக்கில் 'அந்தக் காலம்' என்று வருகிற படத்தில் பாதி றெயில். அந்தக் காலம் எந்தக் காலம் என்று ஒருவரும் எழுதுவதில்லை. எழுதினால் படம் பழுதாகிவிடும்.

எழுதித்தான் பார்ப்போமே.

யாழ்தேவி முதன்முதல் ஓடினது 1956 ஏப்ரல் 23. பண்டாரநாயக்க பிரதமராகி இரண்டு கிழமை ஆகவில்லை. ஜூனில் தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வருகிறது, அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் இருந்தவர்களுக்கு அடி விழுகிறது. தமிழ்ப் பெயர் வைத்த அந்த றெயில் ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட இல்லை. 1956ஐ மொடலாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் ஸ்டேசன் மாஸ்டர் வாசிக்கிற பேப்பரில் என்ன தலையங்கம் போடுவீர்கள்?

1968 நல்ல வருசமா? அதே பாதையில் காங்கேசன்துறைக்கு ஒரு ஸ்டேசன் முந்தி இறங்கினால் மாவிட்டபுரம். ஒடுக்கப்பட்ட சாதி என்று ஒதுக்கப்பட்ட சனம் கோயிலுக்குள் போகக் கேட்டு வாசலில் இருந்ததும், அவர்களுக்கு அடித்ததும் அந்த வருசம்தான். அடித்தது கொழும்பு இல்லை, நாங்கள். மாமாவின்ர மொடலில் பிளாட்போமுக்கு வெளியே ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. வடிவான கடை. வாழைக்குலைகூடத் தொங்குகிறது. அந்தக் கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸிலா தேத்தண்ணி ஊத்தினவை? இந்தக் கேள்வியைக் குறூப்பில் கேட்டபோதுதான் பெரியம்மா குறூப்பை விட்டு வெளியேறினார். (இரவு திரும்பி வந்துவிட்டார்.)

எழுபதுகளுக்கு வருவோம். மாமா ஏன் அதைத் தேர்ந்தார் என்று எனக்கு விளங்குகிறது. சிறிமாவின்ர காலம், இறக்குமதி இல்லை. வெங்காயமும் மிளகாயும் விற்று எங்கட கமக்காரர் கல்வீடு கட்டின காலம். மூட்டைகள் றெயில் ஏறிக் கொழும்புக்குப் போயின. உண்மையான சந்தோசம்தான். ஆனால் அதே வருசங்களில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வருகிறது. 1974 ஜனவரி 10இல் தமிழாராய்ச்சி மகாநாட்டின் கடைசி நாள் சனம் சாகிறது. 1977 ஆகஸ்டில் கலவரம், றெயிலில் வந்த தமிழ்ச் சனத்துக்கு அனுராதபுரம் ஸ்டேசனில் அடி. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். அது இன்றைக்கும் எங்களை விட்டுப் போகவில்லை.

ஆகவே வெங்காய மூட்டையை வைக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வையுங்கோ. ஒரு வருசத்தைச் சொல்லி வையுங்கோ. வருசத்தைச் சொன்ன உடனே மூட்டைக்குப் பக்கத்தில் வேறு ஆக்களும் வந்து நிற்பார்கள், அவர்களுக்கும் இடம் விடவேணும். 'எழுபதுகள்' என்று பொதுவாகச் சொல்லுவது அவர்களைப் பிளாட்போமுக்குள் வரவிடாமல் கேற்றைப் பூட்டுகிற வேலை.

இந்தக் கள்ளம் எங்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். ஜேர்மனியர்களின் யுகக் கணக்கில் இரண்டாம் யுகம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தையும் சேர்த்தது. அந்த யுகத்து நீராவி இஞ்சின்களுக்கு அங்கே நல்ல மவுசு. நாசிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறபடியால் மொடல் ஸ்டேசனில் அந்தக் கொடி இருக்காது. கொடியில்லாத ஸ்டேசனில் தொப்பி போட்ட குடும்பம் ஒன்று சூட்கேசோடு சுற்றுலாவுக்கு நிற்கும். அதே றெயில்வேதான் யூதர்களைச் சாமான் பெட்டிகளில் ஏற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனது. கொடியை மறைக்கச் சட்டம் ஒரு காரணம் தந்தது. பெட்டியை மறைக்க ஒரு சட்டமும் சொல்லவில்லை. அவர்களின்ர நாலாம் யுகம் 1990 அளவில் முடிகிறது, இரண்டு ஜேர்மனியும் ஒன்றான காலம். எங்களுக்கும் 1990இல்தான் ஒரு யுகம் முடிகிறது. அடுத்த யுகத்துக்கு ஆரும் நம்பர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமாவின்ர பக்கத்தையும் சொல்லவேணும், இல்லாவிட்டால் அநியாயம். அவர் நல்ல மனுசன். என்ர கம்பஸ் போர்டிங் காசு அவர் அனுப்புவது. 1986இல், இருபது வயதில், கொடிகாமத்தில் றெயில் ஏறினவர். ஆச்சி பிளாட்போமில் நின்று அழுதிருக்கிறா. பிறகு அவர் அந்த ஸ்டேசனைக் கண்டதில்லை. அவர் எனக்கு அனுப்பின வொயிஸ் மெசேஜ் நாலு நிமிசம். அதில் ஒரு இடம் இது: "பிள்ளை, நான் ரெண்டு வேலை செய்துபோட்டு வாறனான். கீழ இறங்கிறது சண்டை பாக்க இல்லை. ஊரில பாக்காததையோ, இஞ்ச ரீவியில பாக்காததையோ நீ எனக்குக் காட்டப்போறாய்? எனக்கு அந்த றெயில் வந்து நிண்டாக் காணும். அவ்வளவுதான்."

இதற்கு எனக்கு உடனே பதில் இருக்கவில்லை. ஒரு மனுசன் தன்ர காசில், தன்ர நிலக்கீழ் அறையில், தன்ர அம்மாவைத் திரும்பத் திரும்ப ஒரு பிளாட்போமில் பார்ப்பதற்கு நான் ஆர் வருசம் கேட்க? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்தப் பிளாட்போம் 1986 என்றால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். 1985 ஜனவரியில் முறிகண்டிப் பக்கம் யாழ்தேவிக்குக் குண்டு வைத்ததற்குப் பிறகு, அந்த றெயிலில் ஏறுவதே பயமாக இருந்த ஒரு காலத்தில், ஒரு அம்மா மகனை அனுப்புகிறா. அதைக் கட்டினால் அது அவருடைய ஸ்டேசன். ஆனால் அவர் தன்ர 1986ஐக் கட்டவில்லை. எட்டு வயதில் கண்ட ஒரு சந்தோசத்தைக் கட்டி, அதற்கு இப்போதைய சுவரைச் சுற்றி வைத்து, 'இதுதான் எங்கட ஊர்' என்று ஒன்ராறியோவில் பிறந்த தன்ர பிள்ளைகளுக்குக் காட்டுகிறார். அவர்கள் போன வருசம் வந்தபோது ஸ்டேசனைப் பார்த்து "ஸேம் தான்" என்றார்கள். எனக்குச் சுட்டது அந்தச் சொல்.

சரி, குறை சொல்லுகிறவள் ஒன்றைக் கட்டிக் காட்டவேண்டாமா? என்ர தேர்வு இது. கொடிகாமம், 1993. யுத்தத்தின் பெரிய நாள் ஒன்றும் இல்லை, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

ஏன் கொடிகாமம் என்றால், ஆனையிறவில் பாதை அடைத்தபிறகு வெளியே போகிற சனத்துக்கு இருந்த வழி கிளாலி. கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து பூநகரிப் பக்கம் இறங்கவேணும். கடற்படை சுட்டதில் செத்த சனம் உண்டு, 1993 ஜனவரியிலேயே அப்படி நடந்தது. அந்தக் கிளாலிக்குப் போகிறவர்கள் கொடிகாமத்தைக் கடந்துதான் போனார்கள். ஆகவே 1993இலும் கொடிகாமம் ஒரு ஸ்டேசன்தான். பிரயாணிகள் இருக்கிறார்கள். பொதி இருக்கிறது. அழுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். றெயில் மட்டும் இல்லை.

கட்டுவது எப்படி என்றும் யோசித்துவிட்டேன். எங்கட தண்டவாளம் அகலப் பாதை, 1676 மில்லிமீற்றர். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற மொடல் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர் அகலம். மாமா பாவிக்கிற பிரித்தானிய அளவு 76இல் ஒன்று, அந்தக் கணக்குக்கு எங்கட பாதை 22 மில்லிமீற்றர் வரவேணும். அவர் 16.5இல் ஓடவிட்டிருக்கிறார். அதனால்தான் அவருடைய யாழ்தேவி ஒல்லிக் காலில் நிற்கிற கொக்கு மாதிரி. நூறில் ஒன்று என்ற அளவில் செய்தால் 16.76 வரும், கால் மில்லிமீற்றர்தான் பிசகு, கடைத் தண்டவாளமே பொருந்தும். மாமா, இது நான் உங்களுக்கு இலவசமாகச் சொல்லுகிற புத்தி. எனக்கு அந்தச் செலவும் இல்லை. என்ர பலகைக்குத் தண்டவாளமே தேவையில்லை.

நூறில் ஒன்று என்றால் நாலடிப் பலகை கிட்டத்தட்ட நூற்றியிருபது மீற்றர் நிலம். நடுவில் றெயில் பாதையின் மண் அணை, ஆவாரையும் எருக்கலையும் மூடினது. அதன் மேல் சைக்கிள் தடம். பிளாட்போமின் விளிம்புக் கல். பெற்றோலுக்குத் தடை, ஆகவே காரெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடவேணும், பின்னால் கொஞ்சம் பஞ்சு வைத்துக் கறுப்புப் புகை காட்டலாம். தட்டிவான் கட்டாயம் இருக்கும். தட்டிவான் இல்லாமல் கொடிகாமம் இல்லை, அதில் மாமாவும் நானும் ஒரு கட்சி. கடைக்குள் ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்கிற பொடியன் ஒருவன். இவ்வளவும் விரல் நகத்தளவு பொம்மைகள். சைக்கிளைக் கம்பியில் செய்வது எப்படி என்று யூரியூப்பில் பார்த்தேன், கண் போய்விடும் போலிருக்கிறது.

"றெயில் இல்லாத றெயில் மொடலா?" என்று கம்பஸ் நண்பன் ஒருவன் சிரித்தான். இங்கிலாந்தில் 1963இல் பீச்சிங் அறிக்கை வந்து ஆயிரக்கணக்கான மைல் பாதையை மூடினார்கள். அங்கே மொடல் செய்கிறவர்களுக்கு மூடப்போகிற கிளைப்பாதைகளின் மேல் ஒரு தீராத காதல். கடைசி வருசம், புல் வளர்ந்த பாதை, இரண்டு பெட்டி, மூன்று பிரயாணி. அதைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. அங்கே பாதையை மூடினது கணக்குப் புத்தகம். இங்கே மூடினது போர். கணக்குப் புத்தகத்துக்குக் கிடைக்கிற மரியாதை போருக்குக் கிடைக்காதா?

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எம்-2 இஞ்சினின்ர நம்பர், நீளம், எந்த வருசம் வந்தது எல்லாம் ஐந்து நிமிசத்தில் இணையத்தில் எடுக்கலாம். கொடிகாமத்தில் தண்டவாளம் எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து கழன்றது என்பதை அப்படி எடுக்கேலாது. ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்கவேணும். ஒரு கிழவர் 'முதல் ஆணி போச்சு, பிறகு கட்டை போச்சு, கடைசியாத்தான் இரும்பு' என்றார். இன்னொருவர் மாற்றிச் சொன்னார். இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. யாழ்தேவியைப் பற்றி ஆரும் இப்படிச் சண்டை பிடித்து நான் கண்டதில்லை, எல்லாரும் ஒரே மாதிரிப் பெருமூச்சு விடுவார்கள்.

கழற்றினது ஆர் என்றும் கேட்கவேணும். பங்கருக்கு மேல்மூடியாகச் சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் போட்டது புலிகள். இராணுவமும் போட்டது. சனமும் போட்டது. அம்மாவைக் கேட்டபோது சிரித்தா. "எங்கட பங்கருக்கு என்னத்தைப் போட்டது எண்டு நினைக்கிறாய்? அப்பப்பா இரவில சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தவர், ஆறு கட்டை. பொம்மர் வந்தா அதுக்குள்ளதான் நாங்கள் எல்லாரும். நான் அதுக்குள்ள இருந்துதான் ஓஎல் படிச்சனான்."

2000இல் தென்மராட்சியில் சண்டை வந்தபோது எல்லாரும் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். சமாதானம் வந்து 2002இல் திரும்பினபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பங்கர் இடிந்து தாழ்ந்திருந்தது, ஐந்து கட்டையை ஆரோ கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சின ஒன்று குசினிக்குப் பின்னால் வாங்காகக் கிடக்கிறது. அடுத்த வருசம் நான் பிறந்தேன். அதில் இருந்துதான் நான் சோறு தின்றேன், அ ஆ எழுதினேன், இப்போது இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆணி இருந்த ஓட்டைக்குள் அம்மா வெங்காயத் தோலை அடைத்து வைப்பா, எறும்பு வரக்கூடாதாம். மாமாவின்ர மொடலில் இல்லாத மரக்கட்டை இது. அவர் அதைச் சாம்பல் நிறத்தால் பூசிவிட்டார்.

ஒன்று எனக்கே கசக்கிறது, அதையும் சொல்லவேணும். 1993ஐத் தேர்ந்தால் 'நாங்கள் மட்டும் பட்ட பாடு' என்று ஒரு புதுப் பொற்காலம் செய்துவிடலாம். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோ, எங்கட கெட்டித்தனம் என்று. அப்படிப் பெருமையடிக்கிற பதிவுகளும் நிறைய வருகின்றன. ஆனால் 1993 என்றால் 1990 ஒக்ரோபருக்குப் பிறகு. கொடிகாமத்திலிருந்து சங்கத்தானையைக் கடந்தால் சாவகச்சேரி. அங்கேயிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும், வடக்கு முழுக்க இருந்தும் முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் போனபோது றெயில் இல்லை, ஜூனிலேயே நின்றுவிட்டது. அவர்கள் எப்படிப் போனார்கள், எதைக் கொண்டுபோக விட்டார்கள் என்று என்ர வயதில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே என்ர பலகையில் கடைத்தெரு போடுகிறேன் என்றால் ஒரு கடை பூட்டியிருக்கவேணும். பூட்டு வெளியிலிருந்து போட்டிருக்கவேணும். நூறில் ஒன்று அளவில் பூட்டு ஒரு புள்ளிதான், தெரியாது. தெரியாவிட்டாலும் வைக்கத்தான் வேணும், ஏனென்றால் வருசத்தை எழுதுகிறேன் என்று சொன்னவள் நான்.

மாமாவுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டு நீல ரிக் வந்தது. ஐந்து நாள் பதில் இல்லை. குறூப்பில் படமும் வரவில்லை. அம்மா ரெலிபோனில் "உனக்கென்ன தேவையில்லாத வேலை, அந்த மனுசன் பாவம்" என்று பேசினா. நானும் கொஞ்சம் பயந்துதான் போனேன், போர்டிங் காசு விசயமும் இருக்கல்லோ.

நேற்று இரவு மெசேஜ் வந்தது. மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை, வணக்கம்கூட இல்லை.

"குசினிக்குப் பின்னால கிடக்கிற கட்டையின்ர நீள அகலம் அளந்து அனுப்பு. நிறத்தையும் வெளிச்சத்தில படம் எடு."

அம்மாவின்ர தையல் ரேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நீளம் எட்டடி ஒன்பது அங்குலம், ஒரு முனை உக்கிவிட்டது. அகலம் பத்து அங்குலம். நிறம் என்ன என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை, அங்கே இப்போது விடியவில்லை.